நான்கெல்லைக்கு உள்ளும் வெளியும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வில்லங்கச் சான்று பார்ப்பது பற்றி எழுதியபோது, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'பத்திரம் உங்கள் பெயரில் இருக்கலாம், நிலம் உங்களுக்காக மட்டும் இல்லை.' வில்லங்கச் சான்றைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவைதான் அதிகம். பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். சரி, இந்த இதழை முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருடம் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்தவள் நான். அதில் பெரும்பகுதி காவிரிப் படுகையில் கழிந்தது. சொத்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதைத் தினமும் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவள் என்ற முறையில்தான் பதில் சொல்கிறேன்.

வாசகர், மன்னார்குடி: வளைகுடாவில் பதினான்கு வருடம் வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தில் மூன்று மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். யாரையும் ஏமாற்றவில்லை. வட்டிக்கு விடவில்லை. என் சொத்துக்குச் சமூகக் கடமை இருப்பதாக நீங்கள் சொல்வது, வாங்க முடியாதவர்களின் பொறாமைக்கு நல்ல பெயர் வைப்பது ஆகாதா?

உங்கள் பதினான்கு வருடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய முதல் மனையைப் பதிய வரும் ஆண்களின் கையைப் பார்த்திருக்கிறேன். ரேகை தேய்ந்துபோய், விரல் பதிவுக்கு இரண்டு முறை மை தடவ வேண்டியிருக்கும். அந்தப் பணம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் உங்கள் பத்திரத்தையே ஒரு முறை எடுத்து வாசியுங்கள். பழைய நடையில் எழுதியது என்றால், 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று ஒரு வரி இருக்கும். முதலில் தானம், அடுத்துப் பரிவர்த்தனை, கடைசியில்தான் விற்பனை. எழுதியவர்கள் யோசித்து அடுக்கினார்களோ இல்லையோ, சொத்துக்காரருக்குள்ள முதல் உரிமையாக அந்தத் தாள் சொல்வது கொடுக்கும் உரிமையைத்தான். இன்னும் கொஞ்சம் கீழே போனால், நிலத்தின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கெல்லை. அதற்கும் கீழே 'மாமூல் வழிநடை பாத்தியம், வாய்க்கால் நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் உள்பட' என்று வரும். அதாவது உங்கள் நிலத்துக்கு வரும் வழி இன்னொருவர் நிலத்தின் ஓரமாக வருகிறது. உங்கள் நிலத்துத் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகிறது. 'சர்வ சுதந்திரம்' என்று எழுதிய அதே தாளில்தான் அடுத்தவரின் பாத்தியமும் எழுதப்பட்டிருக்கிறது. முப்பத்திரண்டு வருடமும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பதிந்தேன்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கிரயப் பத்திரம். 1997-இல் நானும் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மனை வாங்கினேன். 1,800 சதுர அடி. இரண்டு போகம் விளைந்த நஞ்சையைத் தரிசாகப் போட்டு, கல் நட்டு, சிவப்பு மண் அடித்து, மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். நான் வீடு கட்டப் போவதில்லை. மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான். ஏழு வருடம் கழித்து ஒரு பெரியவர் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்தை விற்கப் பத்திரத்தோடு என் முன்னால் நின்றார். விலை அந்த வட்டாரத்து நிலத்துக்கு ரொம்பக் குறைவு. "ஏன் பெரியவரே, இவ்வளவு குறைச்சலா?" என்று கேட்டேன். "தண்ணி வரலம்மா. மேல பிளாட் போட்டு வாய்க்காலைத் தூத்துட்டாங்க. மூணு வருசமா மானாவாரி மாதிரி ஆயிடுச்சு" என்றார். பத்திரத்தைப் புரட்டினேன். நான்கெல்லையில் ஒரு பக்கத்துக்கு ஒரு மனைப்பிரிவின் பெயர் இருந்தது. நான் மனை வாங்கிய அதே மனைப்பிரிவு.

சட்டப்படி எந்தத் தடையும் இல்லாத பத்திரம். பெருவிரல் வைக்கச் சொன்னேன், முத்திரை போட்டேன், பதிந்தேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நான் யாரையும் ஏமாற்றவில்லை, வட்டிக்கு விடவில்லை. நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம் எனக்கும் பொருந்தும். அந்த வாக்கியம் முழு உண்மையாக இருக்கும்போதே, என் சொத்து இன்னொரு மனிதருடைய சொத்தின் உயிரை எடுத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சதுர அடி 30 ரூபாய்க்கு வாங்கிய அந்த மனையின் விலை பல மடங்கு ஏறியது. நான் அங்கே ஒரு கூடை மண்கூட எடுத்துப் போடவில்லை. அரசாங்கம் புறவழிச்சாலை போட்டது, பக்கத்தில் கல்லூரி வந்தது, பேருந்து நிறுத்தம் வந்தது. அந்த ஏற்றம் ஊர் சேர்ந்து உண்டாக்கியது. எனக்குச் சேர்ந்ததற்கு என் பெயரில் பத்திரம் இருந்தது மட்டுமே காரணம். உங்கள் பதினான்கு வருட உழைப்பு மனையை வாங்கிய விலையில் இருக்கிறது, நியாயம். இன்றைக்கு விற்றால் வரும் விலையில் உங்கள் உழைப்பு எவ்வளவு, மற்றவர்களுடையது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பொறாமை என்கிறீர்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஊருக்கு வெளியே போகிறவர், வழியெல்லாம் கருவேலம் மண்டிய வெற்று மனைகளைப் பார்த்துக்கொண்டு போகிறார். அவருக்கு வரும் எண்ணத்தைப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று மனையையும் தூக்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்றில் வீடு கட்டுங்கள். இன்னொன்றில் கட்டி நியாயமான வாடகைக்கு விடுங்கள். மூன்றாவது எதற்கு என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்கு முன், உங்கள் மனைப்பிரிவின் பழைய புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை வாங்கி, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று பாருங்கள். ஓய்வு பெற்றபின் நான் அதைத்தான் செய்தேன். எங்கள் பிரிவில் 26 மனைக்காரர்கள். 11 பேர் பணம் போட்டார்கள். ஓரமாக ஹியூம் பைப் பதித்து, கீழே இருந்த மூன்று ஏக்கருக்குத் தண்ணீர் போக வழி செய்தோம். அந்தப் பெரியவர் நிலம் அதற்குள் கைமாறிவிட்டிருந்தது.

கல்லூரி மாணவர், திருச்சி: முதலாளித்துவத்தைத் தர்ம நியாயம் பேசி விமர்சிப்பவர்கள் எல்லாரும் கடைசியில் கம்யூனிஸ்டுகள்தானே?

இல்லை தம்பி. கம்யூனிஸ்டுகளின் விமர்சனம் பெரியது, தஞ்சைப் பண்ணையாட்கள் முதுகு நிமிர்ந்ததில் அவர்களுக்குள்ள பங்கை யாரும் மறைக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்வி அவர்களுக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, அவர்களை எதிர்த்தவர்களிடமும் இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற கிறிஸ்தவத் துறவி சொன்னார்: பொருளைத் தனியாக வைத்துப் பராமரிப்பது மனிதனுக்குத் தகும்; ஆனால் அதைப் பயன்படுத்துவதில், தேவைப்படுபவரோடு எளிதில் பகிரும்படி, பொதுப்பொருளாகவே கருத வேண்டும். பசியில் சாகக் கிடப்பவன் எடுத்து உண்டால் அது திருட்டாகாது என்றும் எழுதினார். 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர்களைப் பற்றி ஒரு சுற்றுமடல் விட்டார். அதில் சோஷலிசத்தை மறுத்து, தனிச் சொத்துரிமையை ஆதரித்தார். அதே மடலில், தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது என்றும் சொன்னார். வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்குத் தலையாட்டுபவன் பலவந்தத்துக்கு ஆளானவன் என்பது அவர் வாதம். நாகூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத் என்று கணக்குப் போட்டு எடுத்துவைக்கும் வியாபாரிகளை அறிந்திருக்கிறேன். அவர்கள் அதைத் தர்மம் என்று சொல்வதில்லை; ஏழைக்குச் சேர வேண்டிய பங்கு என்பார்கள்.

ராஜாஜியையே எடுத்துக்கொள். கம்யூனிஸ்டுகளின் முதல் எதிரி நான்தான் என்று சட்டமன்றத்திலேயே சொன்னவர். பிறகு 1959-இல் தனிச் சொத்துரிமைக்காகவும் தனியார் தொழிலுக்காகவும் வாதாடிய சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர். அவருடைய அமைச்சரவைதான் 1952-இல் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிராசுதார் நினைத்த நேரத்தில் பண்ணையாளை வெளியே தள்ள முடியாது என்று அது சொன்னது. வயலில் கிளர்ச்சி இருந்ததால்தான் சட்டம் வந்தது, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் மிராசு உரிமைக்கு ஓர் எல்லை உண்டு என்று எழுதியது சொத்துரிமையை மதித்த ஒருவரின் அரசாங்கம்.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி.குமரப்பாவைப் படி. லண்டனில் பட்டயக் கணக்காளர் ஆனவர், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர், பிறகு காந்தியோடு போனவர். பொருளாதார முறைகளை அவர் விலங்குகளை வைத்துப் பிரித்தார். ஆட்டுக்குட்டியைக் கொன்று தின்னும் புலி, தான் வைக்காத மாமரத்தில் பழம் பறிக்கும் குரங்கு, கூடு கட்டி அதில் வாழும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. ஒரு தொழிலைப் பற்றி நல்லதா கெட்டதா என்று தெரியாமல் குழம்பும்போது நான் இந்த ஐந்தில் எது என்று பார்ப்பேன். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பனியன் யூனிட் நடத்துபவர், திருப்பூர்: நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். அதுவே சமூகத்துக்குச் செய்வதுதானே? அதற்கு மேல் என்ன கடமை?

வேலை கொடுப்பது பெரிய காரியம். நாற்பது வீட்டில் உங்களால் அடுப்பு எரிகிறது. ஆனால் அந்த நாற்பது பேரால் உங்கள் யூனிட் ஓடுகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

காந்தி இதற்குத் 'தர்மகர்த்தா முறை' என்று வழி சொன்னார். லண்டனில் சட்டம் படித்தபோது, பிறருக்காகச் சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர் பற்றிய ஆங்கிலச் சட்டத்தைப் படித்தது பின்னாளில் தனக்கு உதவியது என்று அவரே எழுதியிருக்கிறார். கோயில் தர்மகர்த்தாவை நமக்குத் தெரியும். சொத்துக்குக் கையெழுத்துப் போடுவார், சாவி அவர் இடுப்பில் இருக்கும், ஆனால் நெல் அவர் களஞ்சியத்துக்குப் போகக் கூடாது. முதலாளி தன் மூலதனத்தை அப்படிப் பார்க்கட்டும் என்றார் காந்தி.

இந்த யோசனையில் ஒரு பலவீனம் உண்டு. முதலாளியின் நல்ல மனசை நம்பி நிற்கிறது. தர்மகர்த்தாவே நெல்லை அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வது? அம்பேத்கர் மனமாற்றத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. விவசாய நிலம் அரசுடைமையாகி, சாதி பாராமல் ஊராருக்குக் குத்தகைக்குத் தரப்பட வேண்டும் என்று 1947-இல் எழுத்தில் கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்து நான் பார்த்த வரையில், மனசும் வேண்டும், சட்டமும் வேண்டும், கேட்பதற்குச் சங்கமும் வேண்டும். 1918-இல் அகமதாபாத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. பிளேக் காலத்தில் கொடுத்துவந்த போனஸை மில் முதலாளிகள் நிறுத்தினார்கள். தொழிலாளிகள் 50 சதவீத உயர்வு எதிர்பார்த்தார்கள், முதலாளிகள் 20 என்றார்கள். லாபம், விலைவாசி, பம்பாய்க் கூலி எல்லாவற்றையும் விசாரித்து 35 சதவீதம் நியாயம் என்று காந்தி முடிவு செய்தார். முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளிகள் தரப்பில் அவருடைய சொந்த அக்கா அனசூயா. வேலைநிறுத்தமும் உண்ணாவிரதமும் நடந்து, விஷயம் மத்தியஸ்தரிடம் போய், 35 சதவீதமே தீர்ப்பாக வந்தது. முதலாளி நல்லவர்தான். ஆனாலும் கேட்காமல் கிடைக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது சின்னச் சின்னக் கேள்விகள். பி.எஃப், இ.எஸ்.ஐ நாற்பது பேருக்கும் கட்டுகிறீர்களா, கணக்குக்குப் பதினைந்து பேருக்கா? ஆர்டர் அவசரம் என்றால் இரவு ஷிப்டுக்கு இரட்டைச் சம்பளம் உண்டா? பீஸ் ரேட்டைக் கடைசியாக எப்போது உயர்த்தினீர்கள்? அப்புறம், உங்கள் துணி எங்கே சாயம் ஏறுகிறது? நொய்யலின் கதை உங்கள் ஊருக்குத் தெரியாததல்ல. சாயக் கழிவு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. லாபம் உங்கள் நான்கெல்லைக்குள் தங்கியது, செலவு எல்லைக்கு வெளியே இருந்த தென்னந்தோப்பின் தலையில் விழுந்தது. சமூகத்துக்குச் செய்வது என்ன என்று கேட்டீர்கள். வெளியே தள்ளும் செலவைத் திரும்ப உங்கள் கணக்கில் ஏற்றுவதுதான் முதல் வேலை.

வாசகி, பெரம்பலூர்: சொத்துரிமையை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே. அப்படியானால் அரசு எதையும் எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து சொத்துரிமையை எடுத்தது. ஆனால் 300ஏ பிரிவாக அதே சட்டத்துக்குள் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யார் சொத்தையும் பறிக்க முடியாது. இன்னொரு பக்கம் 39-ஆவது பிரிவு, சமூகத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு உகந்தபடி பகிரப்பட வேண்டும் என்கிறது. ஒருவருடைய தனிச் சொத்தெல்லாம் இந்தச் 'சமூக வளத்தில்' அடங்குமா என்ற வழக்கு, மும்பையின் பழைய கட்டடங்களைப் பற்றித் தொடங்கி, ஒன்பது நீதிபதிகள் முன் போனது. 2024 நவம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லாத் தனிச் சொத்தும் அடங்காது, சில அடங்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வளத்தின் தன்மை, அது எவ்வளவு அரிது, சிலர் கையில் குவிந்தால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். எனக்கு அது சரியாகவே படுகிறது. உங்கள் தையல் மெஷினும் ஊர் ஏரியும் ஒன்றல்ல.

வாசகர், திருவாரூர்: வினோபாவின் பூமிதானம் தோற்றுப்போன கதைதானே? நல்ல மனசை நம்பி நிலம் கேட்டால் பாறையும் பொட்டலும்தான் வரும்.

பாதி உண்மை. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் காந்தியின் சீடரான வினோபா பாவேயிடம் தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டன, நிலக்காரர் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தானமாகத் தருவதாக எழுந்து சொன்னார். அந்த ஒரு நாளில் பிறந்த இயக்கம் வருடக்கணக்கில் நாடெங்கும் நடந்தது. எழுதிக் கொடுத்ததில் நிறைய நிலம் பயிருக்கு ஆகாதது, நிறைய நிலம் வழக்கில் கிடந்தது, நிறைய நிலம் யாருக்கும் போய்ச் சேரவே இல்லை. நிலம் வைத்திருக்க வரம்பு கட்டிய உச்சவரம்புச் சட்டத்திலும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று இருந்தது 1970-இல் 15 ஆனது. அதற்குள் நிலம் உறவினர் பெயருக்கும் அறக்கட்டளைப் பெயருக்கும் மாறிய பத்திரங்கள் எங்கள் அலுவலகப் பழைய புத்தகங்களில் வரிசையாக இருக்கும். ஒரே எழுத்தர், ஒரே மை, ஒரே வாரம்.

ஆனால் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரரான நீங்கள் மறு பாதியையும் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்தார்கள். பூமிதானத்தில் நடந்து பழகியவர்கள். தானத்துக்கு மட்டும் காத்திருக்காமல், 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களோடு பேசி, கடன் ஏற்பாடு செய்து நிலத்தை விலைக்கு வாங்கி, உழுபவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர். பெண்கள் பெயரில். அப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள்.

ஓர் ஏக்கர் என்றால் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். முதன்முதலில் தன் பெயரில் நிலம் பதிய வரும் கூலிக்காரப் பெண், பத்திரத்தில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்வாள். படிக்கத் தெரியாது. விரல் வைத்துக் காட்டுவேன். அந்த எழுத்தின் மேல் அவளும் விரல் வைத்துப் பார்ப்பாள். சொத்துரிமையை முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாமல் போவது அந்த விரலால்தான்.

வாசகர், பட்டுக்கோட்டை: எங்கள் தென்னந்தோப்பு மூலையில் ஒரு குடும்பம் முப்பது வருடமாகக் குடிசை போட்டு இருக்கிறது. தோப்பு வேலை எல்லாம் அவர்கள்தான். மகன் காலி செய்யச் சொல்கிறான். எனக்கு அந்த நான்கு சென்ட்டை அவர்களுக்கே எழுதிக் கொடுக்க ஆசை. எப்படிச் செய்வது?

உடனே செய்யுங்கள். 1971-இல் தமிழ்நாடு அரசு குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வருடம் ஜூன் 19 அன்று நிலக்காரர் மண்ணில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கு அந்த மனை சொந்தமாகும் என்றது. உங்கள் தோப்புக் குடும்பம் அதற்குப் பிறகு வந்தவர்கள் என்பதால் அந்தச் சட்டம் உதவாது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

நிலம் நீங்களே வாங்கியது என்றால் உங்கள் கையெழுத்துப் போதும். பூர்வீகம் என்றால் மகனும் மகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். மகனை உட்காரவைத்துப் பேசுங்கள். தானப் பத்திரமாக எழுதுங்கள். வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாக உங்கள் ஆயுளுக்குள்ளேயே இருக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், கட்டாயம் பதிய வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பிறகு அது நிற்காது. முத்திரைத்தீர்வையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். வீட்டுப் பெண்மணியின் பெயரில் எழுதுங்கள். பதிந்த கையோடு அந்த நான்கு சென்ட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் உட்பிரிவுப் பட்டாவுக்கு மனுக் கொடுங்கள்.

அந்த நான்கு சென்ட்டிலிருந்து சாலைக்கு வர உங்கள் தோப்பு வழியாகத்தான் நடக்க வேண்டியிருக்கும். எத்தனை அடி அகலம், எந்தப் பக்கமாக என்று அளந்து, வழிநடை பாத்தியத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மகன் காலத்தில் வேலி போட்டால் எடுத்துக் காட்ட அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு தாள் வேண்டும்.